மாவட்ட மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்: புகை உங்கள் எல்லைக்குள்தான் இறங்குகிறது

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் தாமான் குடியிருப்பாளர்கள் கையெழுத்திட்டு அனுப்பிய புகாருக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. புகை பற்றிய விவகாரம் சுற்றுச்சூழல் துறையைச் சேர்ந்தது, கடிதம் அங்கே அனுப்பிவைக்கப்பட்டிருக்கிறது என்று இரண்டே வரிகள். பதில் வந்ததே பெரிய காரியம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதத்தைத் தபாலில் திருப்பிவிட ஒரு மாவட்ட மன்றம் தேவையில்லை.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஆகவே புகையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் பல தோட்டப் பட்டணங்களைப் போன்றதுதான் எங்கள் ஊரும். பால்மரத்தை, அதாவது ரப்பரை, வெட்டிச் செம்பனை நட்டபோது தோட்டத் தொழிலாளர் லயங்களைக் காலி செய்து வந்தவர்கள் மலிவு விலை வீடுகளில் குடியேறினார்கள். அந்த வீட்டு வரிசைக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்தின் விளிம்பில் ஆலை. இந்தப் பக்கம் தமிழ்ப்பள்ளி. பள்ளிச் சாலையின் கோடியில் பழைய இரும்புக் கடை. பழக்குலை ஏற்றிய லோரிகள் இவை எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போகும். இரவில் காற்று நின்றுவிட்டால் மூன்று திசைகளிலிருந்தும் வருவது எங்கள் கூரைமேல் வந்து படுத்துக்கொள்ளும்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் அதன்கீழ் 1977இல் வந்த செம்பனை எண்ணெய் ஆலை விதிமுறைகளும் ஆலைக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தைச் சுற்றுச்சூழல் துறையிடம்தான் கொடுத்திருக்கின்றன. புகைபோக்கியிலிருந்து வெளியேறுவதற்கு வரம்பு வைப்பது 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள். அதை அமல்படுத்துவதும் அந்தத் துறையே. இதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் மன்றத்துக்கு உயிர் கொடுத்ததே அந்தச் சட்டம்தான். அதன் 80ஆம் பிரிவு, மன்றத்தின் எல்லைக்குள் பொது இடமானாலும் தனியார் இடமானாலும் பொதுமக்களுக்குத் தொல்லை தருவதை அகற்றவும் ஒடுக்கவும் நடவடிக்கை எடுப்பதை மன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. தேவைப்பட்டால் நீதிமன்றம் போகவும் வழி விட்டிருக்கிறது. புகை தொல்லை இல்லை என்று உங்கள் அதிகாரி எவராவது சொல்வாரானால், அவர் எங்கள் தாமானில் ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும். பாய் தலையணை நாங்கள் தருகிறோம்.

எங்கள் வீட்டு ஜன்னலில் இருப்பது அடுக்கடுக்கான நாக்கோ கண்ணாடி. காலையில் ஒரு பலகையைப் பழைய செய்தித்தாளால் துடைத்தால், முந்தைய இரவு ஆலையில் என்ன நடந்தது என்று என்னால் சொல்லிவிட முடியும். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் இருந்து, விரலால் நசுக்கினால் பொடிந்துபோனால், அது நன்றாக எரிந்த நாரின் சாம்பல். சாம்பலைப் பிடிக்கும் சூறைத்தொட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். கறுப்பாக, பிசுபிசுப்பாக விரலோடு ஒட்டிக்கொண்டால், அடுப்பில் ஈர நாரைத் தள்ளியிருக்கிறார்கள். ஆலையில் எரிபொருளை விலைக்கு வாங்குவதில்லை. பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும், கொட்டையை உடைத்த ஓடும்தான் பாய்லருக்கு இரை. பிழியும் இயந்திரம் தேய்ந்திருந்தால் நாரில் எண்ணெயும் ஈரமும் தங்கிவிடும். காய்ப்புக் காலத்தில் குலைகள் குவிந்து ஆலை இரவு முழுதும் ஓடும்போது நீராவி அழுத்தம் இறங்கும். மேற்பார்வையாளர் சத்தம் போடுவார். பாய்லர்காரர் அவசரத்தில் நாரை அள்ளிப் போடுவார். உள்ளே போகும் காற்று அதற்குப் போதாது. அரைகுறையாக எரிந்தது கரும்புகையாக மேலே போகும். இதெல்லாம் நடப்பது பெரும்பாலும் இருட்டிய பிறகு. பகலில் புகையின் கறுப்பைச் சாம்பல் நிறக் கட்டங்கள் போட்ட ரிங்கல்மன் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து மட்டம் சொல்லலாம். இரவில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது?

ஐபியு என்னும் காற்று மாசுக் குறியீட்டைப் பாருங்கள் என்று கைப்பேசியைக் காட்டுகிறவர்கள் உண்டு. பார்க்கிறோம். சுற்றுச்சூழல் துறை நாடெங்கும் 60க்கும் மேற்பட்ட நிலையங்களில் காற்றை அளந்து மணிக்கொருமுறை ஐபியு எண்ணை வெளியிடுகிறது. 50 வரை நன்று, 100 வரை மிதம், 101இலிருந்து 200 வரை ஆரோக்கியமற்றது, 300ஐத் தாண்டினால் அபாயம். நல்ல ஏற்பாடு, நான் அதைக் குறைசொல்லவில்லை. 2013இல் ஜொகூரின் மூவாரில் ஐபியு 746ஐத் தொட்டபோது அங்கே அவசரநிலை அறிவிக்க முடிந்தது அந்த எண் கையில் இருந்ததால்தான். ஆனால் பேராக்கில் அந்த நிலையங்கள் தைப்பிங், ஈப்போவின் தாசேக், பெகோ, ஸ்ரீ மஞ்சோங், தஞ்சோங் மாலிம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் மாநிலம் முழுவதையும் மூடும்போது அவை எங்களுக்கும் சேர்த்துப் பேசும். எங்கள் ஊர் ஆலைப் புகை ஈப்போ வரை நடந்துபோய்ப் பெயர் கொடுக்காது.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. மணிக்கொருமுறை வெளியானாலும், நுண்துகளுக்கான (PM2.5) ஐபியு கடந்த 24 மணி நேரத்தின் சராசரியிலிருந்து கணக்கிடப்படுவது. இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிவரை எங்கள் குழந்தைகளை இருமவைக்கும் புகை, மீதி 21 மணி நேரத்துச் சுமாரான காற்றில் கரைந்துபோகும். நிலையத்தை எங்கள் தெருமுனையிலேயே வைத்தாலும் மறுநாள் காலையில் ‘மிதம்’ என்றுதான் காட்டக்கூடும். எண் பொய் சொல்லவில்லை. நாள் முழுதும் ஒரே சீராகப் பரவும் புகைமூட்டத்துக்கு ஏற்ற கணக்கு அது; மூன்று மணி நேரத்துப் புகையைப் பிடிக்க ஏற்றதன்று.

ஐபியு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும், 200ஐத் தாண்டினால் பள்ளியை மூட வேண்டும் என்பது கல்வி அமைச்சின் வழிகாட்டுதல். எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் எந்த ஊர் எண்ணைப் பார்த்து விளையாட்டு மைதானத்தைத் திறப்பது, மூடுவது? திடலில் நின்றால் ஆலையின் புகைபோக்கி தெரிகிறது. அளக்கும் கருவி இருக்கும் ஊர் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் வெளிநாட்டுக் கதை. எங்கள் பாட்டன்மாரைப் பால்மரத்துக்குக் கூட்டிவந்தவர்களின் நாட்டில், 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நிலக்கரிப் புகையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகைக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதிகளை அறிவிக்கும் அதிகாரம் உள்ளூர் மன்றங்களின் கைக்குப் போனது. 1995ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் எல்லைக்குள் இருக்கும் காற்றை ஆராய்ந்து மதிப்பிடுவதையே மன்றங்களின் கடமையாக்கியது. தரம் எட்டாத இடத்தை வரைபடத்தில் குறித்துத் தனிப் பகுதியாக அறிவிக்க வேண்டும். அதைச் சரிசெய்ய ஒரு செயல்திட்டம் எழுத வேண்டும். ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். அங்கே தெருவிளக்குக் கம்பத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மன்றத்து ஆள் வந்து அதைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டுப் புதியதை மாட்டிவிட்டுப் போவார். அதற்கு மின்சாரம் வேண்டாம், காவல் வேண்டாம். தோட்டச் சட்டதிட்டங்களையெல்லாம் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட நாம் இதை மட்டும் ஏன் கப்பலிலேயே விட்டுவிட்டோம் என்று தெரியவில்லை.

அதே குழாயை இங்கே கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது வாகனப் புகையில் இருக்கும் நைட்ரஜன் டைஆக்சைடுக்கு ஆனது. எங்கள் தொல்லை நுண்துகள். அதற்கு லேசர் ஒளியால் துகளை எண்ணும் சிறு கருவிகள் வந்துவிட்டன; சில நூறு ரிங்கிட்டிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றில் ஒரு குறை உண்டு. ஈரப்பதம் கூடிய விடியற்காலையில் பனித்துளியையும் தூசு என்று எண்ணி அதிகமாகக் காட்டும். ஆகவே முதலில் அவற்றைச் சில வாரங்கள் துறையின் நிலையம் ஒன்றுக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டின் அளவையும் ஒப்பிட்டுத் திருத்தம் கண்டுபிடித்த பிறகுதான் ஊருக்குள் கொண்டுவர வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஒன்று, சுகாதார மருந்தகத்தில் ஒன்று, ஆலைக்கு எதிர்ப்புறம் ஒப்பீட்டுக்கு ஒன்று. மணிவாரி அளவை உங்கள் அலுவலகப் பலகையிலும் இணையத்திலும் போடுங்கள். நுண்துகளுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 35 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. இந்த இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் போட்டுவிட்டால், படிக்காதவர்களுக்கும் புரியும். இந்த அளவீட்டை வைத்து ஆலைமேல் வழக்குப் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். எந்த நாள், எந்த மணி என்று சொல்ல முடியும். துறை அதிகாரி ஆலையின் பதிவேட்டில் அந்த மணியைத் திறந்து பார்க்க முடியும். இப்போது நாங்கள் ‘ராத்திரி ரொம்பப் புகை’ என்று எழுதுகிறோம், அவர்கள் பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஆலையை விடுங்கள். முழுக்க முழுக்க உங்கள் கையில் இருப்பவற்றுக்கு வருகிறேன். பழைய இரும்புக் கடையில் செம்புக்காக மின்கம்பியைக் கொளுத்துகிறார்கள். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பிளாஸ்டிக் உறையில் குளோரின் இருப்பதால் அதில் வருவது வெறும் புகையும் அல்ல. அந்தக் கடைக்கு உரிமம் கொடுத்தது சுற்றுச்சூழல் துறை இல்லை. உள்ளாட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி நீங்கள் கொடுக்கும் உரிமத்துக்கு எந்த நிபந்தனையும் விதிக்கலாம், காரணமே சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் ரத்தும் செய்யலாம். இவ்வளவு கூர்மையான கத்தியை உறையிலேயே வைத்திருப்பது ஏன்? 2018இல் சீனா பிளாஸ்டிக் குப்பையை வாங்க மறுத்த பிறகு சிலாங்கூரின் ஜெஞ்ஜாரோமில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உரிமமில்லாத மறுசுழற்சிக் கூடங்கள் செம்பனைக்கு நடுவே முளைத்து இரவில் எரித்தன. ஊர்க்காரர்கள் கூடி நின்று, எரியும் இடங்களைக் குறித்துக் கொடுத்துப் புகார்மேல் புகார் போட்ட பிறகு அந்தக் கூடங்கள் மூடப்பட்டன.

அடுத்தது புல். சாலையோரம் வெட்டிய புல்லையும் மட்டையையும் அள்ளிப்போக வேண்டிய குத்தகைக்காரரின் ஆட்கள் அதைக் குவித்துத் தீ வைத்துவிட்டுப் போகிறார்கள். 2024இல் திருத்தப்பட்ட சட்டத்தில் திறந்தவெளி எரிப்புக்கு அதிகபட்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட் என்று ஊரெல்லாம் பதாகை கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பதாகைக்குக் கீழேயே ஒரு குவியல் புகைந்ததை நான் பார்த்தேன்.

எங்கள் ஆட்களையும் விட்டுவிடவில்லை. போகி என்று சொல்லி நைந்த பாயோடு பழைய டயரையும் சேர்த்துக் கொளுத்துகிறவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். இலைச் சருகை அன்றாடம் எரிக்காவிட்டால் வாசல் சுத்தமாகாது என்று நினைக்கும் அக்காமார்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் எரிக்காதே என்று சொன்னால், பிறகு எங்கே போடுவது என்று கேட்கிறார்கள். குப்பை லோரி சருகை எடுப்பதில்லை. உடைந்த மெத்தையை எடுப்பதில்லை. நம் மாநிலம் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்துக்குள் போகவில்லை, ஆகவே குப்பை இன்னும் உங்கள் பொறுப்புதான். மாதம் ஒரு நாள் தோட்டக் கழிவுக்கு லோரி விடுங்கள். அதற்குப் பிறகும் எரிப்பவருக்கு அபராதச் சீட்டு கொடுங்கள். நானே வீட்டைக் காட்டுகிறேன்.

ஆலைக்குக் கிழக்கே புதிய தாமான் ஒன்றுக்கு நிலம் சீராக்கப்படுகிறது. ஆலை முன்பே இருந்தது, வீடுகள்தான் பிறகு வந்தன என்று எங்கள் விஷயத்தில் சொல்கிறார்கள். சரி, அந்த வீடுகளுக்கு அனுமதி கொடுத்தது யார்? உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரம் மன்றத்துடையது. புதிய வரைபடத்தில் கையெழுத்திடும் முன் இரவுக் காற்று எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒரு பருவமாவது அளந்து பாருங்கள்.

இந்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உங்களை நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பவில்லை, ஆகவே வாக்குப் போடமாட்டோம் என்று மிரட்டவும் முடியாது. ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரியை மட்டும் தவறாமல் கட்டுகிறோம். அதே உள்ளாட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. அடுத்த கூட்டத்தின் தேதியை அறிவிப்புப் பலகையில் போடுங்கள். காற்றை அளப்பதையும், இரும்புக் கடையின் உரிமத்தையும், தோட்டக் கழிவு லோரியையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எந்த உறுப்பினராவது முன்மொழியட்டும். நாங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
ஆலைக்குப் பின்வரிசையில் குடியிருக்கும்
ஓய்வுபெற்ற பாய்லர் தொழிலாளி