துளிர்த்த மல்பெரிக் குச்சி ஏன் காய்கிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மழைப் பருவத்தில் எங்களிடம் மல்பெரிக் குச்சிக் கட்டு வாங்கிப் போனவர்களில் பலர் ஒரே மாதிரிதான் எழுதுகிறீர்கள்: "நட்ட பத்து நாளில் பச்சைப் பசேலென்று துளிர்த்தது, அடுத்த வாரங்களில் காய்ந்துவிட்டது." உரம் போதவில்லையா என்றும் கேட்கிறீர்கள். உரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முற்றிய குச்சிக்குள் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். மண்ணில் ஈரம் கிடைத்ததும் மொட்டு அந்த இருப்பை எடுத்துக்கொண்டு விரிந்துவிடும். அந்த நேரத்தில் அடியில் பெரும்பாலும் வேரே இருக்காது. இலை பெருகப் பெருக அதன் வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உறிஞ்சிக் கொடுக்க ஆள் இல்லை. குச்சி சாவது இந்த இடைவெளியில்தான். ஆகவே துளிர் கண்டவுடன் வெயிலுக்கு மாற்றாதீர்கள். யூரியா போடாதீர்கள். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கவே பார்க்காதீர்கள். அப்போதுதான் அரும்பிய வெள்ளை வேர் ஒடிந்து, பிழைக்க வேண்டிய குச்சியும் போய்விடும். நிழல்வலைக்குக் கீழே வைத்து, மண் சொதசொதவென்று ஆகாமல் பூவாளியால் தண்ணீர் விடுங்கள். மூன்று மாதம் நாற்றங்காலிலோ பையிலோ இருக்கட்டும். பிறகு தோட்டத்துக்கு மாற்றலாம்.

சொந்தச் செடியிலிருந்து குச்சி எடுப்பவர்களுக்கு: ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய, பழுப்பேறிய கிளை வேண்டும். பென்சில் கனமோ கொஞ்சம் கூடுதலோ இருக்கலாம். பச்சையான நுனிப்பகுதியைத் தள்ளிவிடுங்கள். அதில் சேமிப்பு குறைவு, சீக்கிரம் அழுகும். 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், மூன்று நான்கு நல்ல மொட்டுகள் இருக்கும்படி நறுக்குங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும், பட்டை உரியக் கூடாது. நடும்போது மேலே ஒரு மொட்டு தெரிந்தால் போதும், மற்றவை மண்ணுக்குள். வெளிநாட்டு வீடியோக்களில் இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வெட்டச் சொல்வார்கள். அது கருப்பு கரண்ட் (blackcurrant) என்ற பழச்செடி போன்ற குளிர்நாட்டுச் செடிகளுக்குச் சரி. நம் ஊர் மல்பெரி அப்படி நீண்ட ஓய்வுக்குப் போவதில்லை. இங்கே எந்த மாதத்தில் வெட்டுகிறோம் என்பதை விடக் குச்சியின் முற்றல்தான் முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தலைகீழாக நட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. மொட்டின் கூர் வானத்தைப் பார்க்க வேண்டும். கட்டைப் பிரித்துவிட்டால் அடி எது, நுனி எது என்று புதியவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. அதனால் அடுத்த பருவத்திலிருந்து எல்லாக் குச்சிகளின் மேல்முனையிலும் சுண்ணாம்பு தொட்டுத்தான் தருவோம்.

விதை போட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். மல்பெரியில் ஆண் செடி, பெண் செடி தனித்தனியாக இருப்பது சாதாரணம். வளர்த்த செடி ஆணாகிவிட்டால் பழத்துக்குக் காத்திருந்து பயனில்லை. குச்சியில் வருவது தாய்ச்செடியின் அச்சு. காய்த்த செடியில் எடுத்தால் அதே பழம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். வி1 என்பது பட்டுப்புழுவுக்கான இலைக்காக மைசூரு மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம். புழு வளர்ப்பவர்களுக்கு அது அருமை. மாடியில் பழம் பறிக்க ஆசைப்படுபவர்கள் அதை எங்களிடமும் வாங்க வேண்டாம், பழ ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

அத்தி, திராட்சை, மாதுளை மூன்றும் இதே முறையில் வரும். மாதுளைக்கு வேர் ஊக்கிப் பொடி உதவும், மல்பெரிக்குத் தேவையில்லை. பெரிய நெல்லிக்குக் குச்சி கேட்டு வருபவர்களை நாங்கள் ஒட்டுச்செடி பக்கம்தான் அனுப்புவோம்.

காய்ந்த குச்சி இருந்தால் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள். பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பச்சை இருந்தால் இன்னும் காப்பாற்றலாம், எப்படி என்று கூடவே நின்று சொல்லித் தருகிறோம்.

அன்புடன்,
நாற்றுப்பண்ணையினர்,
உடுமலைப்பேட்டை