சேபருக்கு ஒரு கடிதம்

கோவை

அன்புள்ள சேபருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சரோஜாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ அனுப்பிய காப்பிப்பொடி வந்தது, தீர்ந்தும் போயிற்று. கண் ஆபரேஷன் ஆன விஷயத்தை மணியன் வாயால் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, பார்த்தாயா? அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

எழுத வந்தது வேறு விஷயம். நம்ம பேத்தி யாழினி என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) எழுத்துத் தேர்வில் தேறி, எஸ்.எஸ்.பி. என்கிற ராணுவத் தேர்வுக்குழு நேர்காணலையும் தாண்டிவிட்டாள். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. விமானப்படைதான் வேண்டுமாம், அதிலும் ஃபைட்டர், போர் விமானம்தானாம். அகாடமி இருக்கும் கடக்வாஸ்லாவில் பெண்களின் முதல் அணி, 17 பேர், 2025 மே மாதம்தான் படிப்பை முடித்து வெளியே வந்தது. அந்தப் படத்தை வெட்டி மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள்.

வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. நேற்று சாயங்காலம் சரோஜா அவளைச் சுவரோடு சுவராக உட்காரவைத்து, தலைக்குமேல் ஸ்கேலைப் படுக்கப்போட்டுப் பென்சிலால் கோடு இழுத்தாள். பைலட்டுக்கு உட்கார்ந்த உயரம் 81.5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, 96-ஐத் தாண்டவும் கூடாது. கால் நீளம் 99-க்குக் கீழே போகக்கூடாது. தொடை 64-க்குள் அடங்க வேண்டும். தையல் டேப்பை வைத்துப் பாட்டியும் பேத்தியும் சிரித்துச் சிரித்து அளந்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. உள்ளே அவள் அம்மா பாத்திரத்தைப் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "நீங்கதான் மாமா அவ மண்டையில ஏத்தி விட்டீங்க" என்று மருமகள் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

ஏற்றிவிட்டது நான்தான், சந்தேகமென்ன. பொய்ரா வான்சண்டைக் கதையை அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! 1971 நவம்பர் 22, பாகிஸ்தானோடு போர் முறையாகத் தொடங்கவே இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. டாக்காவிலிருந்து பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்கள் வந்து கரீப்பூர் பக்கம் நம் படைகளைத் தாக்குகின்றன. கல்கத்தா டம்டமிலிருந்து நம் 22-ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவு) நாலு நாட் போர் விமானங்கள் கிளம்புகின்றன, ஓட்டியவர்கள் மாஸி, கணபதி, லாசரஸ், சுவாரெஸ். இறக்கைக்கு இறக்கை அளந்தால் ஏழு மீட்டர்கூட வராத விமானம். எதிரி கண்ணுக்கு அது தட்டுப்படுவதே கஷ்டம், தட்டுப்பட்டாலும் திருப்பத்தில் பிடிக்க முடியாது. கணபதி ரேடியோவில் "மர்டர், மர்டர், மர்டர்" (எதிரி விமானம் வீழ்ந்தது என்று அர்த்தம்) என்று கத்தியதை நீயும் நானும் பள்ளிக்கூட மைதானத்தில் எத்தனை வருஷம் கத்தினோம்! விளையாட்டில் நீதான் சேபர், ஒருநாளும் சுடப்பட்டதாக ஒப்புக்கொண்டதில்லை.

ஆனால் யாழினிக்குப் பிடித்தது அந்தச் சண்டை இல்லை, அதற்குப் பின்னால் நடந்ததுதான். பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானி பர்வேஸ் மெஹ்தி குரேஷியை நம் சிப்பாய்கள் ஆத்திரத்தில் அடிக்கப் பாய்ந்தபோது, 4 சீக் படைப்பிரிவின் கேப்டன் பனாக் ஓடிவந்து தடுத்து, தலைக்காயத்துக்குக் கட்டுப்போட வைத்தார். கைதியாக இருந்து ஊர் திரும்பிய அதே குரேஷி, 1997-இல் பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதி ஆனார். கார்கில் சமயத்தில் அங்கே தளபதி அவர்தான். இதற்கிடையே, 71-இல் அவரைச் சுட்டு வீழ்த்திய சண்டையில் இருந்த லாசரஸ், பதவியேற்றதற்கு வாழ்த்துச் சொல்லி அவருக்குக் கடிதம் போடுகிறார். அங்கிருந்து பதிலும் வருகிறது! சுட்டவரும் சுடப்பட்டவரும் மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொள்கிற ஒரு தொழிலில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் தாத்தா என்கிறாள் பதினேழு வயசுப் பெண். எனக்கு வாயடைத்துப் போயிற்று.

ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை, முத்து. இத்தனை காலம் நான் வீழ்த்திய கணக்கையே ரசித்தவன். 65 போரில் டிரெவர் கீலர், டென்சில் கீலர் என்று அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு வீர் சக்ரா வாங்கியது மனப்பாடம். முதல் உலகப்போரில் விமானி இந்திர லால் ராய் 1918 ஜூலையில் பதிமூன்றே நாளில் பத்து விமானங்களை வீழ்த்தியது மனப்பாடம். அஞ்சு வீழ்த்தினாலே 'ஏஸ்', இவர் அதில் இரட்டை. போன வாரம் அதே பக்கத்தைப் புரட்டும்போது என் கண் வேறு வரியில் நின்றது. ஜூலை 6-ஆம் தேதி முதல் வெற்றி. 22-ஆம் தேதி பிரான்ஸில் கார்வன் மேலே, ஜெர்மன் ஃபாக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் உயிர் முடிந்தது. பத்தொன்பது வயசு. கல்கத்தாப் பையன். கண் பார்வை போதாது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டு, மோட்டார் சைக்கிளை விற்று இன்னொரு டாக்டரிடம் காட்டிச் சேர்ந்தவன். இன்னும் ரெண்டு வருஷத்தில் யாழினிக்கும் அந்த வயசுதான்.

விமானி சேகோனை நினைத்தால் இன்னும் கலங்குகிறது. ஸ்ரீநகர், 1971 டிசம்பர் 14. ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே தன் நாட் விமானத்தைக் கிளப்பினார். உடன் போனவர் பனிமூட்டத்தில் பிரிந்துவிட, ஆறு சேபர்களுக்கு நடுவில் ஒற்றை ஆள். விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. மலைப்பள்ளத்தில் விமானத்தின் சிதைவு கிடைத்தது, உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சின்ன வயசில் நாம் 'ஆறு பேர்' என்ற எண்ணிலேயே நின்றுவிட்டோம். இப்போது என் மருமகளின் முகத்தைப் பார்க்கிறேன், அவள் பயம் எனக்குப் புரிகிறது.

சேகோன் இருந்த அதே 18-ஆம் ஸ்குவாட்ரன்தான் 2020-இல் நம் சூலூரில் தேஜஸ் போர் விமானங்களோடு மறுபடி உயிர் பெற்றது. அந்த ஸ்குவாட்ரனில்தான் மோகனா சிங் தேஜஸ் ஓட்டிய முதல் பெண் ஆனார். 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் பழைய மிக்-21 போர் விமானத்தை வழியனுப்பியபோது கடைசியாகப் பறந்தவர்களில் பெண் விமானி ப்ரியா சர்மாவும் ஒருவர். இதையெல்லாம் யாழினி எனக்குச் சொல்கிறாள், நான் அவளுக்கு இல்லை. காலம் அப்படி மாறிப்போயிற்று. எனக்குப் பெருமை நெஞ்சு முட்டுகிறது, பயமும் அதே அளவுக்கு முட்டுகிறது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லவும் மாட்டேன்.

ஆகவே உனக்கு ஒரு வேலை. மெடிக்கல் உங்கள் பெங்களூரில்தான். தாயும் மகளும் உன் வீட்டில் தங்கட்டும். நீ மருமகளிடம் பேச வேண்டும். நான் சொன்னால் மாமனார் வக்காலத்து வாங்குகிறார் என்றாகிவிடும், உன் பேச்சுக்கு அவள் காது கொடுப்பாள். எதையும் மறைக்காதே, சேகோன் கதையையும் சொல். அவளாகக் கேள்வி கேட்கட்டும். மெடிக்கல் முடிந்ததும் ரெண்டு பேரையும் எச்.ஏ.எல். விமான மியூசியத்துக்குக் கூட்டிப்போ. மாருத் போர் விமானத்தின் பக்கத்தில் நின்று யாழினி பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள், அவள் அம்மா அதை ஒருதடவை முழுசாகக் கேட்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று கிளம்பாதே, கண்ணில் தூசி பட்டால் வம்பு. ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்கள். கலாவிடம் சொல்லிவிடு, யாழினிக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது. தேதி தெரிந்ததும் போன் செய்கிறேன். இந்தத் தடவையாவது எடு.

அன்புடன்,
பழனி