காளானுக்கு மழைக்காலம் வேண்டும்: கொங்குப் பகுதிக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் உள்ள கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், தாவரவியல், நுண்ணுயிரியல் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கமுங்க. இளநிலை மாணவர்களின் பூஞ்சை புராஜெக்டைப் பற்றி இரண்டு வேண்டுகோள் வைக்கத்தான் இந்த மடல்.

காங்கேயம் பக்கம் மானாவாரிக் காட்டுச் சாளையில் வளர்ந்தவள் நான். நுண்ணுயிரியல் படித்துவிட்டு இப்போது ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கருவிழிப் புண்ணிலிருந்து மருத்துவர் சுரண்டி அனுப்பும் துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. திசு கரைந்து தெளிந்ததும், குறுக்குத் தடுப்புகளோடு கிளை பிரிந்து ஓடும் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சில நிமிட வேலைதான்.

அந்தச் சில நிமிட வேலை என் அப்பாவுக்கு நேரத்தோடு நடக்கவில்லை. நான் இரண்டாம் வருடம் படித்தபோது, தை மாதம் சோளத்தட்டு அறுக்கையில் சோகை (சோள இலை) நுனி அவர் இடது கண்ணில் கீறிவிட்டது. "ஒண்ணுமில்ல அம்மிணி, தூசி பட்டுருச்சு, மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து வாங்கிட்டு வா" என்றார். நான்தான் வாங்கி வந்தேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது. இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, பிறகு கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்தது. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பைக் குறைத்துப் பூஞ்சைக்கு வழிவிடும் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது இரண்டு வாரம் கடந்துவிட்டது. நாடாமைசின் என்ற பூஞ்சை மருந்து போட்டுப் புண்ணை ஆற்றினார்கள். தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் இன்று வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

தென்னிந்தியாவில் இப்படிக் கண்ணைக் கெடுக்கும் பூஞ்சைகளில் ஃபியூசேரியமும் ஆஸ்பர்ஜில்லஸும் முன்னால் நிற்கின்றன. இரண்டும் நம் காட்டு மண்ணிலும் காய்ந்த இலையிலும் இருப்பவை. நாடாமைசினும் மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 368 நோயாளிகளை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆய்வு, ஃபியூசேரியம் புண்ணுக்கு வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தைவிட நாடாமைசினே மேல் என்று காட்டியது. உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் எடுத்துப் பார்க்கும் அந்த முடிவு நம் விவசாயிகள் போன்றவர்களின் கண்களிலிருந்து வந்தது. ஆனால் அந்தப் பூஞ்சை எந்தப் பயிரில், எந்த மாதத்தில், எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தோதான இடத்தில் இருப்பது நம் கல்லூரிகள்தான்.

மூன்றாம் வருடம் அதைத்தான் கேட்டேன். எங்கள் காட்டுச் சோளச் சோகையில் என்னென்ன பூஞ்சை இருக்கிறது என்று புராஜெக்ட் செய்கிறேன் என்றேன். "அதுக்கெல்லாம் நேரமில்லம்மா, போன வருஷ டைட்டில்ல ஒண்ணை எடுத்துக்க" என்று பதில் வந்தது. நான்கு பேருக்கு ஒரு தலைப்பு. பழைய அறிக்கையில் செடியின் பெயரை மாற்றி, பைண்டிங் செய்து கொடுத்தோம். அந்த வேதனை எனக்கு இன்றும் தீரவில்லை.

ஆனாலும் ஆய்வக உதவியாளர் அக்கா ஒருவரின் இரக்கத்தால் பூஞ்சை வளர்க்க ஏழு பெட்ரி தட்டுகள் கிடைத்தன. உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாற்றில் டெக்ஸ்ட்ரோஸும் அகரும் கலந்து, 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து கிருமி நீக்கி ஊற்றினேன். சோகைத் துண்டுகளை வைத்த நான்காம் நாள் வெள்ளைப் பஞ்சு கிளம்பியது. அடியில் திருப்பிப் பார்த்தால் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக நிறம். காட்டன் புளூவில் சாயமேற்றிப் பார்த்தபோது வித்துகள் கருக்கருவாள் போல வளைந்திருந்தன. ஃபியூசேரியம். அப்பாவின் கண்ணில் இருந்தது இதே இனம்தானா என்று அந்தத் தட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் காட்டில் அது இருந்தது என்பதை என் கண்ணால் பார்த்தேன். தேர்வு முடிந்ததும் எல்லாத் தட்டுகளையும் அவித்துக் கொட்டிவிட்டார்கள். அப்படிக் கொட்டுவதுதான் முறை. ஒரு துண்டையாவது எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எனவே முதல் வேண்டுகோள்: புராஜெக்டை ஆறாம் பருவத்திலிருந்து எடுத்து, ஐந்தாம் பருவத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஆறாம் பருவம் மார்கழியில் தொடங்கிப் பங்குனியில் முடிகிறது. நம் பக்கம் அது மழை ஓய்ந்து காடு காயும் காலம். சோளத்தட்டு அறுப்பைப் பார்க்கலாம், புற்றுக் காளானைப் பார்க்க முடியாது. கரையான்கள் தழைக் குப்பையை மென்று புற்றுக்குள் அடுக்கி, அதில் பூஞ்சையைப் பயிர் செய்து தின்கின்றன. மழை இறங்கியதும் அதுதான் நீண்ட காம்போடு மேலே முளைத்து வருகிறது. சிப்பிக் காளான், பால் காளான் போல அதைக் கொட்டகையில் எளிதாக வளர்க்க முடிவதில்லை. ஆடு மேய்க்கும் எங்கள் ஆத்தாவுக்கு எந்தப் புற்றில் எத்தனை மழைக்குப் பின் வரும் என்று தெரியும். அவரோடு ஒரு ஐப்பசி நடந்துபோய் நாளும் இடமும் குறித்து வருவது இளநிலை மாணவிக்குத் தகுந்த ஆராய்ச்சிதான்.

கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. நொய்யலைக் கெடுத்தது போன்ற சாயங்கள் பலவற்றின் நிறத்தை, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைக்கும் வெண்ணழுகல் பூஞ்சைகளின் லாக்கேஸ் நொதி நீக்குகிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் அடித்தண்டழுகலை உண்டாக்குவது கானோடெர்மா என்ற பூஞ்சை. விதைக்கு ஒரு கிலோவுக்கு 4 கிராம் கலக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடி, விதைத்த பின் மண்ணில் எத்தனை நாள் தங்குகிறது என்று நம் செம்மண்ணில் பார்க்கலாம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. மஞ்சளுக்கும் வாழைக்கும் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லியான ப்ராப்பிகோனசோலும், நோயாளிக்குக் கொடுக்கும் வோரிகோனசோலும் ஒரே அசோல் குடும்பம். வயலில் அசோலுக்குப் பழகிய ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், மருந்துக்கு மசியாமல் மனித நுரையீரலில் உட்காருவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட, மனிதருக்கு நோய் தரும் 19 பூஞ்சைகளின் பட்டியலில் அது முதல் வரிசையில் இருக்கிறது. 2021இல் கருப்புப் பூஞ்சைக்கு ஆம்போடெரிசின் மருந்து தேடி அலைந்த குடும்பங்களை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இதில் எச்சரிக்கையும் வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸ் தட்டைத் திறந்த மேசையில் மாணவர்கள் திறக்கக் கூடாது. நோயாளியின் மாதிரியை இளநிலை ஆய்வகத்தில் வளர்க்கவே கூடாது. அது எங்களைப் போன்ற ஆய்வகங்களின் வேலை.

இரண்டாம் வேண்டுகோள், வளர்த்ததை எறியாதீர்கள். இதற்கு ஃபிரீசர்கூட வேண்டாம். பூஞ்சை வளர்ந்த அகரைச் சிறு துண்டுகளாக வெட்டி, கிருமி நீக்கிய தண்ணீர் உள்ள சிறு குப்பியில் இட்டு இறுக மூடினால் பல பூஞ்சைகள் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊர், பயிர், தேதி எழுதி ஒட்டுங்கள். அடையாளம் உறுதியானதைப் புனேயில் உள்ள தேசியப் பூஞ்சைத் தொகுப்புக்கு அனுப்பலாம். அடுத்த வருட மாணவி, முந்தையவள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். பத்து வருடத்தில் காங்கேயம் சோளத்துக்கும் கோபி நெல்லுக்கும் தனித்தனி வரிசையே சேர்ந்துவிடும்.

சனிக்கிழமை மதியம் எனக்கு ஓய்வு. எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வந்து சில் தயாரிக்கவும், வித்துகளைப் பார்த்து இனம் பிரிக்கவும் சொல்லிக் கொடுக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம். சோகை வேண்டுமானால் எங்கள் காட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் வந்தால் அப்பாவே கூட வந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்து முன்னாள் மாணவி ஒருத்தி