பாப்பாவுக்கு அப்பாவின் பாட்டுப் பட்டியல்

அன்புள்ள பாப்பா,

பசியாறிவிட்டாயா? இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டி வலி பரவாயில்லை, மறுபடியும் மார்க்கெட்டுக்கு நடந்தே போகிறாள்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். மெல்பர்னில் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பட்டியல் போட்டுப் பாட்டுகளை மாற்றிக்கொள்கிறார்கள் என்றாய். ஒருத்தி ஜாஸ் கொடுத்தாள், ஒருவன் மெட்டல் கொடுத்தான், இன்னொருத்தி கொரியப் பாட்டு. 'நான் என்ன கொடுக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள் அப்பா' என்றாய். கூடவே, தமிழ்ப் பாட்டுப் போட்டால் அவர்களுக்குப் பிடிக்குமோ என்னவோ என்று தயங்கினாய். சரி சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தத் தயக்கம் எனக்குப் பொறுக்கவில்லை. பினாங்கில் வளர்ந்த பெண் பாட்டு விஷயத்தில் யாருக்கு முன்னாலும் தயங்க வேண்டியதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பட்டியலில் முதலில் ஆலிகேட்ஸைப் போடு. நம் ஊர்ப் பேண்ட். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பி பினாங்கில் தொடங்கியது. தலையில் பெரிய சுருட்டை முடியோடு மேடையேறி, மலாய்க் காதல் பாட்டுகளைப் பாடி நாடு முழுவதையும் மயக்கினார்கள். 'ஹிங்கா ஆகிர் நந்தி' ஒலிக்காத மலாய்க் கல்யாண வீடு அந்தக் காலத்தில் உண்டா என்ன? 'சுவாரா கெகாசே' கேட்டுப் பார். லோகாவின் குரல் கரகரப்பாக, கொஞ்சம் அழுகிற மாதிரி இருக்கும். ஆனால் சுருதியை விட்டு ஒரு நூல் விலகாது. அவர் 2007இல் போய்விட்டார். அன்று எங்கள் வேலையிடத்தில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருமே பேசாமல்தான் இருந்தார்கள். நம் ஆட்கள் மலாய் மொழியில் பாடி அந்த மொழிக்காரர் மனசிலேயே குடியேறினார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமை. உன் சிநேகிதிகளுக்குச் சொற்கள் புரியாது. பரவாயில்லை, குரல் புரியும்.

அதற்கு அடுத்தது மலாய் சினிமாவின் பாடகரும் நடிகருமான பி. ரம்லி. 1929இல் இங்கேதான் பிறந்தார். அந்த மரவீட்டை இப்போது காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், பள்ளியில் படிக்கும்போது உன்னையும் கூட்டிப் போயிருக்கிறார்கள். 'கெதாரான் ஜீவா'வைப் போடு. 1960இல் வந்த 'அந்தாரா துவா டார்ஜட்' படத்துப் பாட்டு. அவர் பாட்டில் ஜாஸ் இருக்கும், லத்தீன் அமெரிக்கத் தாளம் இருக்கும், இந்தி சினிமாவின் இழுப்பும் இருக்கும், ஆனாலும் கேட்டால் மலாய்ப் பாட்டாகத்தான் இருக்கும். நம்மவர்களுக்கு அவரோடு ஒரு தொடர்பு உண்டு. அவர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தது 1950இல் வந்த 'பக்தி' படத்தில். அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன், தமிழர். உன் ஜாஸ் சிநேகிதிக்கு ரம்லியைக் கொடுத்தால் அவளே உன்னிடம் வந்து இன்னும் கேட்பாள். மலாய்ப் பாடகி ஷீலா மஜீத் 1990இல் ரம்லியின் பாட்டுகளை எடுத்துப் பாடிய 'லெகண்டா' ஆல்பத்தையும் சேர்த்துக் கொடு. பழைய ஒலிப்பதிவு சிலருக்குக் காதில் ஒட்டாது, அவர்களுக்கு ஷீலாதான் நல்ல வாசல்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அவர்கள் கொடுத்த ஜாஸும் ராக்கும் உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, எங்கே தட்டுவது என்றே தெரியவில்லை என்றாய். பாப்பா, நீ தண்ணீர்மலைக் கோயிலில் திருப்புகழ் பாடியவள். அருணகிரியின் சந்தத்தை ஒன்பது வயதில் தொடையில் தட்டிக்கொண்டு பாடினாய். ஐந்து எண்ணிக்கையும் ஏழு எண்ணிக்கையும் உனக்கு அப்போதே கைவந்துவிட்டன. வெளிநாட்டுக்காரர்கள் ரொம்பச் சிக்கலான தாளம் என்று சொல்வது பலவும் அந்த ஐந்தும் ஏழும்தான்.

'டேக் ஃபைவ்' எடுத்துக்கொள். டேவ் புரூபெக் குழு 1959இல் வெளியிட்டது, எழுதியவர் அவர்களுடைய சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட். ஒரு சுற்றுக்கு ஐந்து எண்ணிக்கை. பியானோவை மட்டும் கவனி, தகிட தக, தகிட தக என்று மூன்றும் இரண்டுமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து எண்ணிக்கைக்கான நம் கண்ட சாபு தாளம் தக தகிட. அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீ தட்டிப் பார், ஒரு நிமிஷத்தில் கை பிடித்துவிடும். அப்புறம் நீ எனக்கு அனுப்பிய ரேடியோஹெட்டின் 'ஃபிஃப்டீன் ஸ்டெப்'. 2007இல் வந்தது. அதுவும் ஐந்துதான். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது வருஷம். ஒன்று ஜாஸ், மற்றது கணினிச் சத்தமும் கித்தாரும் கலந்தது. ஆனால் உன் கை இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்யும்.

ஏழுக்குப் பிங்க் ஃபிளாய்டின் 'மணி'. 1973இல் வந்தது. தொடக்கத்தில் காசுச் சத்தம் வரும், பிறகு பேஸ் கித்தார் ஏழு எண்ணிக்கையில் நடக்கும். ஏழு எண்ணிக்கைக்கான நம் மிஸ்ர சாபு தாளம் போட்டுக்கொண்டே கேள். சாக்ஸபோன் தனியாக வாசிக்கும் இடமும் ஏழில்தான் போகும். அது முடிந்து கித்தார் தனியாக எடுக்கும்போது நாலுக்கு மாறிவிடுவார்கள். அந்த மாற்றத்தில் உடம்பே லேசாகும். தாத்தா கச்சேரியில் உட்கார்ந்து நடை மாறும் இடத்தில் 'ஆகா' என்பாரே, அந்த 'ஆகா' எனக்கு இங்கேயும் வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது லெட் ஸெப்பலினின் 'கஷ்மீர்', 1975. டிரம்ஸ் நாலு நாலாகப் போகும். கித்தாரும் வாத்தியக் குழுவும் அதன்மேல் மூன்று மூன்றாக ஏறிப் போகும். இரண்டும் சண்டை போடுகிற மாதிரி இருக்கும், பன்னிரண்டாவது எண்ணிக்கை முடிந்ததும் ஒன்றாக வந்து விழும். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வாசிக்கும் மிருதங்கக்காரர் தாளத்தை விட்டு எங்கேயோ போய்ச் சரியாகத் தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து இறங்குவார் அல்லவா, அதே சுகம். வாலிபத்தில் பட்டர்வொர்த்தில் ஒரு கூட்டாளி வீட்டில் இந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டபோது, இவர்களுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தது என்று நினைத்தேன். இன்றைக்கும் ஜான் போனமின் அந்த டிரம்ஸுக்காகவே இதைக் கேட்கிறேன். அவர் ஒரு அடி கூட அவசரப்படமாட்டார்.

தாளம் போலவே ராகமும் உனக்கு உதவும். மோகனம் உனக்குத் தெரியும், ஸ ரி க ப த. 'தி டெம்ப்டேஷன்ஸ்' குழுவின் 'மை கேர்ள்' 1964இல் வந்தது. அதன் தொடக்கத்தில் கித்தார் படியேறுவது மோகனத்தின் ஆரோகணம்தான். 'மோ லி ஹுவா' என்ற சீன மல்லிகைப் பாட்டும் ஐந்து சுரத்தில் நிற்பது. நம் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது முனகுவார்களே, அதுதான். இளையராஜா 'அக்னி நட்சத்திரம்' படத்தில் சித்ராவைப் பாடவைத்த 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டும் மோகனம். இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு உன் வீட்டாருக்குக் காட்டு. நீ எதையும் விளக்க வேண்டாம், அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

ராஜா என்றதும் இன்னொன்று. சினிமாப் பாட்டு என்றால் அவர்கள் லேசாக நினைப்பார்களோ என்று பயந்தாய். அப்படியானால் 1986இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' கொடு. சினிமாவே இல்லை, முழுக்க வாத்திய இசை. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் என்பவருக்கும் சமர்ப்பணம் செய்திருக்கிறார். பாக்கின் வயலின் முறையும் சுரத்தை அசைத்து வாசிக்கும் நம் கமகமும் ஒரே பாட்டில் பேசிக்கொள்ளும். வயலின் வி.எஸ். நரசிம்மன். நான் அதைக் காசெட்டாக வாங்கினேன், நாடா தேய்ந்து போகும்வரை கேட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், சினிமாப் பாட்டையும் விட்டுவிடாதே. நான்கு நிமிஷத்துக்குள் ஒரு ராகம், மேற்கத்திய வாத்தியக் குழு, நாட்டுப்புறத் தாளம் எல்லாம் வைத்து, டீக்கடையில் நிற்பவரையும் முணுமுணுக்க வைப்பது எந்த இசையிலும் பெரிய காரியம்தான்.

மெட்டல் பையனுக்கு நம் நாட்டு ராக் பேண்ட் 'சர்ச்' கொடு. 1989இல் வந்த 'இசபெல்லா'. அந்தக் காலத்தில் கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாருவரை அந்தப் பாட்டைக் கித்தாரில் வாசிக்கப் பழகாத பையன் குறைவு. நீள முடி வளர்த்த ராக்காரர்களை 1992இல் அரசுத் தொலைக்காட்சியில் வரக் கூடாது என்றுகூடத் தடுத்தார்கள், அவ்வளவு தூரம் பரவியிருந்தது. அவன் கொடுக்கும் மெட்டாலிகாவையும் நீ காது கொடுத்துக் கேள். சத்தத்துக்குள் ரொம்பக் கணக்கு இருக்கும். 'த புளூஸ் கேங்' பேண்டின் 'அப்போ நாக் டிகாத்தோ'வையும் சேர்த்துக்கொள், நெகிரி செம்பிலான் பேச்சில் புளூஸ்!

அப்புறம் ராப். இதை நான் தள்ளி வைப்பேன் என்று நினைத்தாயோ? 1998இல் 'பொயட்டிக் ஆமோ' என்ற நம் நாட்டு ராப் குழு ஒரே ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் எல்லாவற்றிலும் பாடினார்கள். நம் தெருவில் கேட்கும் பேச்சு அப்படியே பாட்டானது. அந்தக் குழுவிலிருந்த யோகி பிதான் பிறகு நட்சத்திரா குழுவோடு 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொடுத்தார். 'நிழல்கள்' படத்தில் ராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய 'மடை திறந்து' அதில் ராப்பாக வந்தது. அப்போது நீ சின்னப் பெண், காரில் பின்சீட்டில் ஆடிக்கொண்டு வருவாய். மலேசியத் தமிழ்ப் பையன்கள் பாடியதைத் தமிழ்நாட்டுப் பையன்கள் மனப்பாடம் செய்தார்கள், பிறகு கோடம்பாக்கமே யோகி பியைக் கூப்பிட்டது. எப்போதும் அங்கிருந்து இங்கே கப்பலேறி வந்த பாட்டு, அந்தத் தடவை இங்கிருந்து அங்கே போனது. எனக்கு அதில் இருக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சம் அல்ல.

உறுமி மேளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் உறுமி அடிக்கும் பையன்களைச் சத்தக்காரர்கள் என்று நம்மிலேயே சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோயில் முறைக்குக் கட்டுப்பட வேண்டும், அது சரி. ஆனால் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து அந்த உறுமலை எடுப்பது எளிதில் வராது. வேலை முடிந்து வந்து மாதக்கணக்கில் பழகுகிறார்கள். நல்ல உறுமிக் குழு ஒன்றின் பதிவை உன் பட்டியலில் வை, தலைப்பாக 'பினாங்கு தைப்பூசம்' என்று மட்டும் போடு. மற்ற எதற்கும் எழுந்திருக்காதவர்கள் அதற்கு எழுந்து நிற்பார்கள் பார்.

கேட்கும் முறையைப் பற்றி ஒன்றே ஒன்று. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு எதையும் பிடிக்கவில்லை என்று சொல்லாதே. பேஸும் உறுமியும் அதில் வரவே வராது. சம்பளம் வந்ததும் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கு, காசு குறைந்தால் நான் அனுப்புகிறேன். பாட்டை நடுவில் தாண்டாதே. 'கஷ்மீர்' எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும், அது முழுவதும் வேண்டும்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, என் பாட்டு எங்கே என்கிறாள். அவளுக்கு 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பட்டியலில் இருக்க வேண்டும். ரீதிகௌளை ராகம், 1977. உன்னைத் தொட்டிலில் போட்டு அவள் பாடியது அதுதான் என்பதால், அதை எங்கே வைப்பது என்று நீயே முடிவு செய்துகொள்.

இனி உன் முறை. அந்தக் கொரியப் பாட்டுக்காரியிடமும் மெட்டல் பையனிடமும் ஆளுக்கு ஒரே ஒரு பாட்டு வாங்கி எனக்கு அனுப்பு. பத்து வேண்டாம், அவர்களுக்கு உயிரான ஒன்று போதும். ஏன் பிடிக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல். சனிக்கிழமை பெரியப்பாவைப் பார்க்கப் பட்டர்வொர்த் போகிறேன், ஃபெரியில் உட்கார்ந்து கேட்பேன். எத்தனை எண்ணிக்கை என்று நானே கண்டுபிடிக்கிறேன், நீ முன்கூட்டியே சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா