செல்விக்கு ஒரு கடிதம்: சூனியக்காரி 34ஆவது சீனில் வந்தால் தாமதம்

அன்புள்ள செல்விக்கு,

எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ நாவலைத் தாராவிச் சிறுமி ஒருத்தியின் கதையாக்கி நீ அனுப்பிய ஒன்லைனை, அந்தச் சீன் பட்டியலைப் படித்தேன். 62 சீனில் முதல் இருபது ஓடுகிறது. நாற்பதுக்கு மேல் தொய்வு. அந்தத் தொய்வு நாவலிலிருந்தே வந்தது.

நாவலில் 24 அத்தியாயம். டோரத்தி என்ற சிறுமியைச் சூறாவளி வீட்டோடு தூக்கி ஓஸ் நாட்டில் போடுகிறது; வீடு விழுந்து கிழக்கின் சூனியக்காரி சாக, அவள் செருப்பு டோரத்திக்கு வருகிறது. சோளக்கொல்லைப் பொம்மை, தகர மனிதன், சிங்கம் துணையோடு ஊர் திரும்ப வழி தேடுகிறாள்; அந்தச் செருப்பே கொண்டுபோய்விடும் என்பது கடைசியில்தான் தெரிகிறது. மேற்கின் சூனியக்காரி 12ஆவதிலேயே செத்துப்போகிறாள். 17இல் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டிய பலூன் டோரத்தியை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. 18இலிருந்து தெற்கு நோக்கி இன்னொரு பயணம்: சண்டைபோடும் மரங்கள், பீங்கான் மனிதர்களின் ஊர். ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் என்று பிள்ளைக்குப் படித்துச் சொன்னால் இது சுகமாகப் போகும். தியேட்டரில் பாதிப் படத்திலேயே எதிரி போய்விட்டால், மீதிப் பாதியில் பயப்பட ஆளில்லை. அதனால்தான் இந்த நாவலை வைத்து எடுத்த 1939 ஹாலிவுட் படம் தெற்குப் பயணத்தை முழுதாக வெட்டியது. நாவலில் 12ஆவது அத்தியாயம்வரை பேச்சில் மட்டுமே வருகிறவளை, வீடு விழுந்த கையோடு செருப்பைக் கேட்டு வரவைத்தது. உன் சூனியக்காரி 34இல் வருகிறாள். பத்துக்குள் கொண்டுவா. பீங்கான் ஊரை விட மனசு வராது, தெரியும். விட்டுவிடு.

இப்போது தண்ணீர். ஸ்கிரிப்டின் பெரிய ஓட்டை இதுதான். தண்ணீர் பட்டால் கரைந்துபோகிறவள் சூனியக்காரி. நீயோ அவள் கோட்டையைச் சுற்றி மும்பையின் ஜூலை மழையைப் பெய்யவிட்டிருக்கிறாய். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்கும், முதல் மழையிலேயே ஏன் கரையவில்லை என்று. அவள் நாட்டில் மழையே கிடையாது என்று வை. காய்ந்த குழாய், வரிசையில் காலி டிரம்கள், டேங்கருக்குக் காத்திருக்கும் ஜனங்கள். தண்ணீரை அவளே ஒளித்துவைத்திருக்கிறாள் என்றால் அவள் பயமும் ஊரின் தாகமும் ஒரே விஷயமாகிவிடும். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்து குடம் பிடித்துப் பழகிய தாராவிப் பெண்ணுக்கு ஒரு வாளித் தண்ணீரின் மதிப்பு தெரியும். அதை அவள் வீசுகிறாள் என்றால் அது சும்மா வீச்சல்ல. முதல் சீனிலேயே அவள் குடம் நிரப்புவதை ஒரு ஷாட் காட்டிவிடு.

ஏன் வீசுகிறாள்? நாவலில், சூனியக்காரி தன் ஒற்றைச் செருப்பைத் திருடிவிட்டாளே என்ற கோபத்தில். படத்தில் சோளக்கொல்லைப் பொம்மையின் மேல் பற்றிய தீயை அணைக்க. நீ படத்தின் வழியை எடுத்திருக்கிறாய். நான் நாவல் பக்கம். குழந்தைக்குக் கோபப்பட உரிமை உண்டு. அதைக் கழுவித் துடைத்து நல்ல பிள்ளையாக்க வேண்டாம்.

இரண்டு நல்ல சூனியக்காரிகளை ஒரே பாட்டியாகச் சேர்த்திருக்கிறாய். ஆர்ட்டிஸ்ட் ஒருவர் மிச்சம்தான், ஆனால் நாவலில் வடக்கத்தியவளுக்குச் செருப்பின் சக்தி தெரியாது. 23ஆவது அத்தியாயத்தில் வரும் தெற்கத்தி கிளிண்டாவுக்குத்தான் தெரியும். இருவரையும் சேர்த்தால், எல்லாம் தெரிந்தும் பிள்ளையை இவ்வளவு அலையவிட்டாளா என்று ஆகிறது. 1939 படமும் இப்படிச் சேர்த்துவிட்டு, முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள் என்று கடைசியில் ஒரு டயலாக்கில் ஒட்டுப்போட்டது. உனக்கு ஒட்டு தேவையில்லை. தாராவியில் தோல் பட்டறைகள் இருக்கின்றன. செருப்பின் ரகசியம் ஒரு தோல் தொழிலாளிக்குத் தெரியட்டும். ஊரில் ஒரு பட்டறைக்காரர், அந்த உலகத்தில் அதே நடிகர் வேறு வேஷத்தில். 1939 படத்திலேயே டோரத்தி ஊரின் பண்ணையாட்களாக நடித்த மூவர்தான் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் சிங்கமாகவும் வந்தார்கள்.

புயலுக்குப் பதில் வெள்ளம் வேண்டாம். வீடு மேலிருந்து விழ வேண்டும், சிறுமி தெரியாமல் ஒருத்தியைக் கொன்றிருக்க வேண்டும். வெள்ளத்தால் இதைச் செய்ய முடியாது. இரும்பு ஏணி வைத்த தகர மாடி அறையை மட்டும் காற்று பிய்த்துக்கொண்டு போகட்டும். 2021 மே மாதம் டவ்-தே புயலைப் பார்த்த மும்பைக்காரர்கள் நம்புவார்கள்.

செருப்பைச் சிவப்பு என்று எழுதியிருக்கிறாய். நாவலில் அது வெள்ளி. டெக்னிகலர் என்ற அன்றைய வண்ணப்பட முறையில் எடுப்பாகத் தெரியச் சிவப்பாக்கியது 1939 படம். பாம் 1919இல் இறந்துவிட்டார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்கிற நம் சட்டப்படி நாவலை யாரும் எடுக்கலாம். படத்துக்கு அமெரிக்காவில் 2034 முடியும்வரை காப்புரிமை இருக்கிறது. ஓடிடியில் உலகம் முழுக்க விற்கப்போகிறாய் என்றால் படத்துக்கே உரிய சிவப்புச் செருப்பையும் பச்சைத் தோல் சூனியக்காரியையும் தொடாதே. நாவலின் சூனியக்காரிக்கு ஒற்றைக் கண், கையில் குடை. மழையில்லாத நாட்டில் குடை! உன் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஷெட்யூல் போடும்முன் ஒன்று. குழந்தை நட்சத்திரத்தை நாளுக்கு 5 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவெளியில்லாமல் 3 மணிநேரத்துக்கு மேலும் கூடாது. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும், சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போக வேண்டும். உன் நாயகி 62 சீனிலும் இருக்கிறாள். அவள் தூங்கும்போது நண்பர்கள் பேசுவது, கோட்டையில் சூனியக்காரி தனியாக இருப்பது என்று எட்டுப் பத்து சீனை அவளில்லாமல் எழுது. மீதி நேரத்தில் யூனிட் சும்மா நிற்காது. நிஜச் சிங்கம் நடிக்கச் சட்டத்தில் இடமில்லை, கிராஃபிக்ஸ்தான். நாய்க்கு விலங்குகள் நல வாரியத்தின் முன்அனுமதி வாங்கு.

தயாரிப்பாளரிடம் கொடுப்பதற்கு முன் திருத்திய வெர்ஷனை ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் பதிவு செய்துவிடு. பிறகு எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. பட்டறைக்காரர் முதலில் எந்தச் சீனில் தலைகாட்டுகிறார் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து அண்ணன்