பன்றியைச் சுடுவதென்றால் முறையாகச் சுடுங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட வன அலுவலர்களுக்கும், துப்பாக்கியோடு வயலில் இறங்கப்போகும் வனக்காவலர்களுக்கும் வணக்கம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவு ஊரறிந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். அன்றிலிருந்து பேச்செல்லாம் கிலோமீட்டரைப் பற்றித்தான். எந்தத் துப்பாக்கி, எங்கே உட்கார்ந்து, எந்தப் பன்றியை, சுட்ட பிறகு என்ன என்ற பேச்சு மிகக் குறைவு. அதற்காகவே இந்த மடல்.

இதைச் சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் பார்த்தாயிற்று. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பன்றிக்காக இழுத்த திருட்டு மின்கம்பியில் மூன்று யானைகள் செத்தன. 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை வாய் கிழிந்து ஆற்றில் நின்றே உயிர்விட்டது. அவுட்டுக்காய் என்னும் அந்த வெடிக்காய்க்கும் கம்பிக்கும் ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. நேரான துப்பாக்கி அவற்றைவிட மேல். நேராக இருக்கும் வரைதான்.

முதலில் தோட்டா. 12 போர் துப்பாக்கியில், பல சிறு ஈய உருண்டைகள் அடங்கிய ரவைத் தோட்டா போட்டுப் பன்றியைச் சுடுவது பழைய வழக்கம். எல்.ஜி., எஸ்.ஜி. என்னும் பெரிய ரவை ஆனாலும் 25 மீட்டரைத் தாண்டினால் ரவை விரிந்து, ஒன்று தோளிலும் ஒன்று வயிற்றிலும் ஒன்று பக்கத்தில் நிற்கும் குட்டியிலும் படும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல் குருத்தெலும்பு போலத் தடித்த தோல் ஒரு கேடயம் மாதிரி மூடியிருக்கும். வேகம் குறைந்த ரவை அதிலேயே நின்றுவிடுகிறது. 12 போர்தான் கையில் இருக்கிறதென்றால் ஒற்றைக் குண்டுத் தோட்டா போடுங்கள். அதையும் 40 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். .315 ரைபிளில் முனை மழுங்கி விரியும் ஈயமுனைக் குண்டுதான் வேண்டும். முழு உலோக உறை போட்ட குண்டு பன்றியைத் துளைத்து வெளியேறி, அடுத்த தோட்டத்துக் களத்துமேட்டில் போய் விழும்.

இனி, எங்கே சுடுவது. அதிகம் தவறுவது இங்கேதான். மான் சுட்டுப் பழகியவர் சொல்லித்தந்த பாடம் பன்றிக்கு ஆகாது. மானுக்குத் தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் குறி வைப்பார்கள். பன்றிக்கு அங்கே இருப்பது ஈரலும் இரைப்பையும். அதன் இதயமும் நுரையீரலும் முன்னங்காலுக்கு நேர் மேலே, தாழ்வாக இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் பன்றியின் முன்னங்கால் கோட்டைப் பிடித்து மேலே ஏறுங்கள். உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நில்லுங்கள். குறி அதுதான், ஒரு சின்னத் தட்டு அகலம். முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதால் பன்றி உள்ளதைவிட உயரமாகத் தெரியும். கை தானாக மேலே போகும். மேலே பட்ட குண்டு முதுகெலும்பின் மேல் முட்களை உரசிப் போகும். பன்றி தொப்பென விழும், கால் உதைக்கும். கூட நிற்பவர் “விழுந்துருச்சு!” என்று கத்துவதற்குள் எழுந்து ஓடிவிடும். அந்தப் பன்றி மறுநாளும் கிடைக்காது.

தலையில் சுட வேண்டாம். மூளை சிறியது; கிழங்கு தோண்டும் தலையோ ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. தாடை உடைந்த பன்றி பல நாள் பட்டினி கிடந்து சாகும்.

பன்றியைவிடப் பெரிய கவலை குண்டு போய்ச் சேரும் இடம். ஒரு கணக்கு பாருங்கள். சமதளத்தில் மண்டியிட்டு, குழல் 1 மீட்டர் உயரத்தில் இருக்க, 30 மீட்டரில் நிற்கும் பன்றியை 40 செ.மீ. உயரத்தில் சுடுகிறீர்கள். குண்டு துளைத்து வெளியேறினால் மேலும் 20 மீட்டர் போன பிறகுதான் தரையைத் தொடும், அதுவும் வழுக்கிக்கொண்டு. காய்ந்த மண்ணிலும் கல்லிலும் அது எகிறி எங்கு போகும் என்று யாரும் சொல்ல முடியாது. பரண் கட்டி, குழல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதே குண்டு பன்றிக்குப் பின்னால் மூன்று மீட்டர் சொச்சத்தில் மண்ணில் இறங்கிவிடும். அதற்குத்தான் பரண், சொகுசுக்காக இல்லை. பரண் போட மரம் இல்லாத வயலில் பின்னால் மண்கரையோ ஏரி மேடோ இருந்தால் மட்டும் சுடுங்கள். வரப்பின் மேல், வானத்தின் பின்னணியில் நிற்கும் பன்றி எவ்வளவு பெரிதானாலும் விட்டுவிடுங்கள்.

பன்றிக்குக் கண் மட்டு, மூக்கு அபாரம். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பரணில் ஏறியிருக்க வேண்டும். பன்றி வரும் தடத்திலிருந்து உங்களை நோக்கிக் காற்று வரட்டும். மலையடிவாரத்தில் பொழுது சாய்ந்ததும் காற்று திரும்பி மேலிருந்து கீழே இறங்கும். பகலில் பார்த்து வைத்த திசையை நம்பினால் கூட்டம் அரை பர்லாங்கு முன்பே திரும்பிவிடும். விளக்கு சிவப்பாக இருக்கட்டும், வெள்ளை ஒளி பட்டால் பன்றி நிற்காது. முழு உடலும் தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. நிலக்கடலைக் காட்டில் இரவில் அசைவதெல்லாம் பன்றி அல்ல. காவலுக்குப் படுத்தவர், கட்டவிழ்ந்த கன்று, நாய் என்று எதுவும் இருக்கலாம். அன்றிரவு யார் யார் எந்தக் குடிசையில் படுக்கிறார்கள் என்று பொழுதோடு எழுதி வாங்குங்கள்.

நின்ற கரும்புக்குள் சுடவே கூடாது. வெட்டு நடக்கும்போது பன்றிகள் கடைசிச் சால்களில் ஒடுங்கி நிற்கும். சுற்றிலும் வெட்டாட்கள் நிற்பார்கள். அங்கே துப்பாக்கிக்கு வேலையில்லை. ஒரு பக்கம் திறந்துவிட்டு, ஆட்களை விலக்கி, வெளியேற வழி கொடுங்கள்.

சுட்டாயிற்று, பன்றி ஓடிவிட்டது. விரட்டாதீர்கள். நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பென்றால் ஈரல், இன்னும் இரண்டு மணி நேரம் பொறுங்கள். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். விடிந்த பிறகு போங்கள், இருவராக. அடிபட்ட ஆண் பன்றி புதரில் எதிர்நோக்கி நிற்கும். அதன் கோரைப்பல் தொடை ரத்தக்குழாயைத் தேடும் உயரத்தில்தான் இருக்கிறது. விழுந்து கிடப்பதை முதுகுப் பக்கமாக நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது.

வில்லைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள், டெக்சாஸ் காணொளிகளைப் பார்த்துவிட்டு. அங்கே பன்றி வெளியிலிருந்து வந்த இனம். 2019 முதல் நில உரிமையாளர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் உரிமம்கூட இல்லாமல் வேட்டையாடலாம். இங்கே அது இந்த மண்ணின் விலங்கு, புலிக்கும் சிறுத்தைக்கும் இரை. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம் வில் அம்பையும் ஆயுதம் என்றே எண்ணுகிறது. துப்பாக்கிக்கு உள்ள தடை அதற்கும் உண்டு. சட்டத்தை விடுங்கள், வேலைக்கும் ஆகாது. குண்டு அதிர்ச்சியில் வீழ்த்தும். அம்போ ரத்தம் வடியவைத்துத்தான் கொல்லும். அதற்கு 20 மீட்டருக்குள், பன்றி பக்கவாட்டிலோ சற்றுப் பின்திரும்பியோ நிற்க வேண்டும். தோள் கேடயத்தில் பட்ட அம்பு பாதியில் நின்றுவிடும். சரியாகப் பட்ட பன்றியும் நூறு மீட்டர் ஓடும். இரவில், சோகை மூடிய கரும்புக்குள், அந்த நூறு மீட்டரை யார் தேடுவது?

எந்தப் பன்றி என்பது அடுத்தது. தனியாகத் திரியும் ஆணைச் சுட்டுப் படம் எடுத்துக்கொள்வதால் பயிர் சேதம் குறையாது. அழிப்பது தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் சேர்ந்த கூட்டம். சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டி. கூட்டத்தை நடத்தும் மூத்த பெண்ணை மட்டும் சுட்டால் மற்றவை சிதறி, இதுவரை பன்றி காணாத வயல்களுக்கும் போகும். அதனால், முடிந்த இடத்தில் கூண்டே நல்லது. வட்டமாக அடையுங்கள், மூலை இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும். கம்பிவலை ஐந்தடி உயரம் இருக்கட்டும். கதவைத் திறந்தே வைத்து, ஊறிப் புளித்த மக்காச்சோளத்தைப் பத்து நாளாவது போடுங்கள். கடைசிக் குட்டியும் உள்ளே வந்து போகப் பழகிய பிறகுதான் கதவு விழ வேண்டும். பாதிக் கூட்டம் உள்ளே இருக்கும்போது அடைத்தால் வெளியே நிற்கும் மீதி, ஆயுளுக்கும் கூண்டுப் பக்கம் வராது. பிடித்துக் காட்டில் விடுபவற்றுக்குக் காதில் எண் வில்லை போடுங்கள். இல்லாவிட்டால் விட்டவைதான் திரும்பி வருகின்றனவா என்று யாருக்கும் தெரியாது.

உடலை அன்றைக்கே புதையுங்கள். 2023 தொடக்கத்தில் முதுமலையில் செத்த பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது நினைவிருக்கும். அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வளர்ப்புப் பன்றிப் பண்ணைக்குச் செருப்பிலும் கத்தியிலும் போய்ச் சேரும். குழி 2 மீட்டர் ஆழம், மேலே சுண்ணாம்பு. மேலோட்டமாக மூடினால் நாய் தோண்டும், ஈயத் துணுக்கு கழுகு வயிற்றுக்குப் போகும். மோயாற்றுப் பாறுக் கழுகுகள் இரைக்காக வெகுதூரம் பறப்பவை. இறைச்சி ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது. கறிக்கு ஆசைப்பட்டு ஒரு முறை பங்கு வைத்தால், அடுத்த மாதம் பயிருக்குச் சேதமே இல்லாத தோட்டத்திலிருந்தும் மனு வரும்.

ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்: நாள், புல எண், பயிர், ஆணா பெண்ணா, சினையா, போட்ட தோட்டா எத்தனை, கிடைத்த பன்றி எத்தனை. கடைசி இரண்டு எண்களும் பொருந்தாத வாரத்தில், அந்தக் காவலரை 30 மீட்டரில் சாண் அகலத் தட்டை விளக்கொளியில் ஐந்துக்கு ஐந்து அடிக்கும் வரை மறுபடி பயிற்சிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நிலக்கடலையும் மரவள்ளியும் கரும்பும் விளைவிக்கும் சிலர்