நல்லூர்க் கொடியேற முன்னம்

அன்பின் சிவா,

நலம். உமது சுகமும் வீட்டாக்களின் சுகமும் அறிய ஆவல்.

நீரிழிவுக்காரர் காற்புண்ணோடு வார்டில வந்து படுக்கிறதை எங்க மறிக்கலாம் எண்டு கேட்டிருந்தீர். எங்கட சின்னக் கிளினிக்கிலதான். அதுவும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேற முந்தின மாதம். 25 நாளும் வெறுங்கால் நடை, மணலில உருளுற பிரதட்டை, அடிக்கொருக்கால் விழுந்து கும்பிடுற அடியழிப்பு. நீரிழிவால உணர்ச்சி செத்த பாதத்துக்குச் சுடுமணலும் தெரியாது, கொப்புளம் போட்டதும் தெரியாது. புண் மணக்கேக்கைதான் வீட்டில கண்டுபிடிப்பினம்.

கால் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனியைச் சுட்டுவிரலால ஒண்டிரண்டு செக்கன் மெல்லத் தொடும். அழுத்தாதையும், தட்டாதையும், அழுத்தினால் உணர்ச்சி குறைஞ்சவரும் "தெரியுது" எண்டிடுவார். ஆறு இடத்தில இரண்டோ கூடவோ தெரியாட்டி அது ஆபத்துக் கால். பிறகு பாதத்தின் மேலயும் உள்கணுக்காலுக்குப் பின்னாலயும் நாடி பாரும். விரலிடுக்கையும் விரிச்சுப் பாரும்.

எங்கட சனம் செருப்பை வாசலில கழற்றிப்போட்டுத்தான் உள்ள வரும். கால் எங்களுக்கு முன்னால வெறுமையாத்தான் இருக்குது, மேசைதான் மறைக்குது. கதிரையைப் பக்கவாட்டில போட்டுப் பாரும். செருப்பையும் ஒருக்கால் எடுத்துப் பாரும். அடியால ஏறி நிக்கிற முள்ளு அதிலதான் அம்பிடும்.

கோயிலுக்குப் போகாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு மனமில்லை. மணல் சுட முன்னம், விடியப் பூசைக்குப் போய்வரட்டும். வந்தவுடன கண்ணாடி வச்சு உள்ளங்கால் பார்க்கவேணும். கொப்புளத்தை உடைக்கப்படாது, சுடுதண்ணியில கால் வைக்கப்படாது. புண்ணைச் சுற்றின சிவப்பு 2 சென்ரிமீற்றரைத் தாண்டினாலோ, காய்ச்சலோ கறுப்போ கண்டாலோ, அண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேணும்.

மற்றது விரதம். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் எண்ட நீரிழிவுக் குளிசையளைக் குடிச்சுக்கொண்டு பட்டினி கிடந்தால் இரத்தத்தில சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கும். சிறுநீரகமும் பழுதெண்டால், சீனி குடுத்து எழுப்பின பிறகும் திரும்ப இறங்கும். அதுக்காகவே வார்டில வச்சிருக்கவேண்டி வரும். மெற்போமின் குளிசை மட்டுமெண்டால் பயம் குறைவு. இன்சுலினைத் தன்பாட்டில நிப்பாட்டுறது எல்லாத்திலயும் கேடு. அளவையும் நேரத்தையும் கொடியேற முன்னமே மாற்றி, கிளினிக் கொப்பியில எழுதிக் குடும். இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழ போனால் மூன்று தேக்கரண்டி சீனி தண்ணியில கரைச்சுக் குடிச்சு, 15 நிமிஷத்தில திரும்பப் பார்த்து, சாப்பிடவேணும். அண்டைய விரதம் அதோட முடிஞ்சுது எண்டு கண்டிப்பாச் சொல்லும்.

விரதக்காரருக்கு உங்கட பக்கம் குளிசை நேரம் எழுதிக் குடுக்கிற துண்டு இருந்தால் ஒண்டு அனுப்பிவிடும்.

உமது
தேவன்